விற்பனையாளரின் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பும் நம் பெயர்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிறுமியருக்கான பாவாடை சட்டைகளைத் தைத்து விற்று வருகிறேன். அக்கம்பக்கத்தாரும் கோயிலில் பழக்கமானவர்களும்தான் நெடுநாள் என் வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். மகளின் வற்புறுத்தலால், சென்ற தீபாவளிக்கு முன் இணையச் சந்தைத் தளம் ஒன்றில் கடை திறந்தேன். முதல் வாரத்திலேயே 14 உடைகள் விற்றுப்போயின. ஆனால் விற்ற பணம் என் கைக்கு வர 19 நாள் ஆயிற்று. என் வங்கிக் கணக்கு என்னுடையதுதான் என்று அத்தளத்தை நம்பவைப்பதிலேயே அத்தனை நாளும் கழிந்தது.

சரிபார்ப்பே வேண்டாம் என்று வாதிட இக்கடிதத்தை எழுதவில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இல்லாத பொருளுக்குப் படத்தைப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுபவர்களின் கைவரிசையும் அதில் அடக்கம். இணையக் குற்றத் தீங்குச் சட்டத்தின்கீழ் 2024 ஜூன் 26ஆம் தேதி நடப்புக்கு வந்த விதித்தொகுப்பு, கேரசல், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகிய தளங்களில் மோசடி அபாயம் மிகுந்த விற்பனையாளர்களின் அடையாளத்தை அரசாங்கப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். நான் கடை திறந்தது இவ்விரண்டு தளங்களிலும் அன்று, வெளிநாட்டிலிருந்து இயங்கும் வேறொன்றில்.

அத்தளம் கேட்டவை மூன்று: அடையாள அட்டையின் இரு பக்கப் படங்கள், அண்மைய வங்கிக் கணக்கு அறிக்கை, கணக்கு எண்ணுடன் நான்கு இலக்க வங்கிக் குறியீடும் மூன்று இலக்கக் கிளைக் குறியீடும். குறியீடுகள் எனக்குப் புதியவை. கைப்பேசி எண்ணையோ அடையாள அட்டை எண்ணையோ கொண்டே பணம் அனுப்ப உதவும் பேநவ் சேவை வந்தபிறகு அவற்றை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? எனினும் அவற்றைத் தேடி எடுத்துவிட்டேன். இடறியது பெயரில்தான்.

என் அடையாள அட்டையில் முதலில் என் பெயரும், அடுத்து ‘இன்னாரின் மகள்’ என்று பொருள்படும் ‘டி/ஓ’ என்பதும், பிறகு என் தந்தையாரின் பெயரும் இருக்கின்றன. இந்நாட்டில் என் தலைமுறைத் தமிழர் பலருக்கும் அப்படித்தான். ஆனால் தளத்தின் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. இரண்டும் கட்டாயம். சாய்கோட்டைத் தட்டினால் “செல்லாத எழுத்து” என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. சாய்கோட்டை நீக்கிவிட்டு அனுப்பினேன். அடையாள அட்டையுடன் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ‘டி/ஓ’வை அடியோடு விட்டுவிட்டு, தந்தையார் பெயரைக் குடும்பப் பெயராக எழுதினேன், வங்கி அறிக்கையுடன் பொருந்தவில்லை என்றார்கள். எங்கள் கணக்கு என் கணவருடன் சேர்ந்த கூட்டுக் கணக்கு என்பதால், அறிக்கையின் தலைப்பில் இருவர் பெயரும் ‘டி/ஓ’, ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) சகிதம் நீண்டு, இரண்டாம் வரியில் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அதைப் படித்த இயந்திரத்தையும் முழுவதுமாகக் குறைசொல்ல முடியாது. இதற்கிடையே, காலமாகி 20 ஆண்டுகளுக்கு மேலான என் தந்தையாரை விளித்து, “தங்கள் ஆவணங்கள் தெளிவாக இல்லை” என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன.

மூன்றாவது முறை வேறு வழியைக் காட்டினார்கள். கணக்கில் சில காசுகளைப் போடுவோம், எவ்வளவு வந்தது என்று சரியாகச் சொன்னால் கணக்கு உங்களுடையது என்று ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். எளிய ஏற்பாடு, எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத நிறுவனத்திடமிருந்து சில காசுகள் வந்திருப்பதாகக் கணவரின் கைப்பேசிக்கு அறிவிப்பு வந்ததும், மோசடிக்காரர்கள் கணக்கை ஆழம் பார்க்கிறார்கள் என்று பயந்து அவர் வங்கிக்கு அழைத்துவிட்டார். காவல்துறையின் எச்சரிக்கைகளை ஒழுங்காகப் படிக்கும் மனிதர் அவர். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. விவரம் புரிந்து நான் தொகையைத் தட்டச்சு செய்வதற்குள் தளம் கொடுத்திருந்த கெடு முடிந்துவிட்டது.

இந்தத் தாமதத்தின் ஆபத்து காத்திருக்கும் அலுப்போடு முடிந்துவிடவில்லை. அதே வாரத்தில், நான்கு உடைகள் வேண்டும் என்று சொன்ன ‘வாடிக்கையாளர்’ ஒருவர், பணத்தைச் செலுத்திவிட்டதாகவும், அதைப் பெற என் வங்கிக் கணக்கை உடனே சரிபார்க்க வேண்டும் என்றும் கூறி ஓர் இணைப்பை அனுப்பினார். தளத்தின் சின்னமும் நிறமும் அச்சு அசலாக இருந்தன. அதில் ‘டி/ஓ’ பற்றிய தொல்லை ஏதும் இல்லை. வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, இணைய வங்கிச் சேவைக்கான பயனர் பெயரையும் மறைச்சொல்லையும் ஒருமுறைக் கடவு எண்ணையும் கொடுத்தால் போதும். 12 நாளாக முட்டி மோதிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் போலிக் கதவுதான் ஒழுங்காகத் திறப்பதுபோல் தோன்றியது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மகள் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். பணம் பெறுவதற்குக் கணக்கு எண் போதும், மறைச்சொல் எதற்கு என்று அவள் கேட்ட ஒரே கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது. விற்பனையாளர்களைக் குறிவைத்து, வாங்குபவர்போல் நடித்துச் செய்யப்படும் இந்த மோசடி குறித்துக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. உண்மையான சரிபார்ப்பு இழுபறியாக இருக்கும்போதுதான் அந்த எச்சரிக்கை மனத்திலிருந்து நழுவுகிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

உறவினர் ஒருவர் இன்னொரு வழியைச் சொன்னார். தம் மகனின் பெயர் ஒற்றைச் சொல்லாக, கணக்கும் தனிக்கணக்காக இருப்பதால், பணத்தை அதில் வாங்கிக்கொள்ளலாமே என்றார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் கடையின் பெயர் ஒன்று, பணம் போகும் கணக்கு இன்னொன்று என்பதுதான் மோசடிக்காரர்கள் கையாளும் முறை. வங்கிக் கணக்கையும், அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் சேவையான சிங்பாஸின் விவரங்களையும் பிறர் பயன்படுத்த விடுவோரைத் தண்டிக்க 2023 மே மாதம் நாடாளுமன்றம் சட்டங்களைத் திருத்தியிருக்கும்போது, படிவத்தின் குறையைச் சமாளிக்க ஓர் இளைஞனை வம்பில் மாட்டிவிட நான் விரும்பவில்லை.

பதினெட்டாம் நாள் ஒருவழியாக மனிதர் ஒருவரின் குரல் தொலைபேசியில் கேட்டது. என் இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த அந்த ஊழியர், ‘டி/ஓ’ என்றால் என்ன என்று கேட்டார். இன்னாரின் மகள் என்று பொருள், அது குடும்பப் பெயர் அன்று எனச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாள் பணம் வந்துவிட்டது.

இதனால் எனக்குத் தோன்றும் சிலவற்றைச் சம்பந்தப்பட்டோரின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். பெயரின் எழுத்துகளை ஒப்பிடுவதைவிட உறுதியான வழி இந்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2017 ஜூலையில் தொடங்கிய பேநவ், ஒருவரின் அடையாள அட்டை எண்ணை அவரது வங்கிக் கணக்குடன் இணைக்க வகைசெய்கிறது. சிங்பாஸ் வழியாக நாம் இசைவு தந்தால், அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் படிவத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கே கடை நடத்த நம்மை அனுமதிக்கும் வெளிநாட்டுத் தளங்களும் இவ்வழியை ஏற்றால், அட்டையைப் படம் பிடித்து அனுப்பும் வேலையும் மிச்சமாகும். அவசியமின்றி அடையாள அட்டை எண்ணைத் திரட்டவோ அட்டையை நகலெடுக்கவோ கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் முதல் இங்கு நடப்பில் உள்ளது. அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும், கடல்கடந்த ஒரு கணினியில் என் அட்டையின் ஆறு படங்கள் கிடப்பது எனக்கு உவப்பாக இல்லை.

சிங்பாஸை ஏற்காத தளங்கள், குறைந்தது பெயருக்கு ஒரே கட்டத்தை வைத்து, சாய்கோட்டை அனுமதிக்கலாம். தமிழர்களுக்கு மட்டுமன்றி, ‘பின்’, ‘பிந்தி’ என்று தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் மலாய் நண்பர்களுக்கும் இது உதவும். இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தை மூன்றாவது முறை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அன்று.

மின்வணிகத் தளங்களுக்கு அதிகபட்சம் நான்கு என்ற கணக்கில் ‘டிக்’ குறியிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் முறை 2022 மே மாதம் தொடங்கப்பட்டது. வாங்குபவர்களைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்த மதிப்பீட்டில், நேர்மையான விற்பனையாளர் ஒருவரின் கணக்கைச் சரிபார்க்கத் தளம் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பதையும் உள்துறை அமைச்சு சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அறிய விரும்புகிறேன்.

தீபாவளி, பொங்கல் காலங்களில் முறுக்கும் அலங்காரப் பொருள்களும் உடைகளும் வீட்டிலிருந்தே விற்கும் பெண்கள் நம்மிடையே பலர். அவர்களில் கூட்டுக் கணக்கு மட்டுமே வைத்திருப்போர், கடை திறப்பதற்கு முன்பே தங்கள் முழுப்பெயரில் தனிக்கணக்கு ஒன்றைத் தொடங்கி, கணக்கு அறிக்கையில் பெயர் வெட்டுப்படாமல் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நான் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
ஈசூன்