தங்கமும் ஆவாரம்பட்டையும்

லண்டன்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்தது நிம்மதி. தங்கச்சியை முழங்காலுக்கு எண்ணெய் தடவியே காலத்தை ஓட்டாமல் டாக்டரிடம் போகச் சொல்.

ரிட்டயர் ஆன வயதில் புத்தக பைண்டிங் கற்பதாவது என்று சிரித்திருக்கிறாய். காப்டன்-சாண்டர்சன் என்று ஒரு பாரிஸ்டர் இந்த ஊரில் இருந்தார். நாற்பதைத் தாண்டியபின் வக்கீல் தொழிலை உதறிவிட்டு இதைக் கற்று, 1893இல் ஹாமர்ஸ்மித்தில் பட்டறையே வைத்தார். பிற்காலத்தில் அச்சகமும் நடத்தி, பிரிந்துபோன கூட்டாளிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று தன் அச்செழுத்துகளை இரவு இரவாகச் சுமந்துபோய்த் தேம்ஸ் ஆற்றில் கொட்டியவரும் அவரே. அந்த வைராக்கியம் எனக்கு வராது, பயப்படாதே.

தையல், அட்டை கட்டுவது எல்லாம் முடிந்து, இப்போது தோலில் தங்க ரேக்கு பதிக்கும் பாடம். பூவோ இலையோ செதுக்கிய பித்தளை அச்சைச் சூடாக்கி, முதலில் வெறுமனே அழுத்திப் பள்ளம் எடுக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவில் துளி வினிகர் விட்டு அடித்து, ஓர் இரவு வைத்து வடிகட்டி, அதை அந்தப் பள்ளத்தில் தூரிகையால் தடவுவோம். காய்ந்ததும் லேசாக எண்ணெய்ப் பசை காட்டி, மேலே ரேக்கு. மூச்சு பலமாக விட்டாலே அது சுருண்டு பறந்துவிடும். பிறகு மறுபடியும் சூடான அச்சை எடுத்து ஈரப் பஞ்சில் தொட வேண்டும். ‘சுர்’ என்று சீறினால் சூடு அதிகம், தோல் கருகும். சத்தமே இல்லையென்றால் தங்கம் ஒட்டாது. சீறல் அடங்கும் அந்தக் கணத்தில், அதே பள்ளத்தில், மயிரிழை பிசகாமல் அச்சு இறங்க வேண்டும். துணியால் துடைத்தால் சூடு பட்ட இடத்தில் மட்டும் தங்கம் நிற்கும். எங்கள் ஆசிரியையிடம் தெர்மாமீட்டர் கிடையாது, காதுதான்.

உனக்கு எழுத நினைத்தது வேறு. விக்டோரியா காலத்துத் தோல் புத்தகங்கள் பல, தொட்டாலே சிவப்புத் தூளாக விரலில் ஒட்டுகின்றன. இதை ஆராய இங்கே ஒரு குழு அமைத்து 1901இல் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் படுமோசம் என்று ஒதுக்கப்பட்டது எது தெரியுமா? இந்தியாவில் பதனிட்டு, ‘பெர்சியன்’ என்ற பெயரில் இங்கே விலைபோன ஆட்டுத் தோல். பத்து ஆண்டுகூடத் தாங்காமல் கெடுகிறதாம். திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடப்போமே, ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட அதே சரக்குதான்!

கோபம் வந்தது. ஆனாலும் விஷயம் சரி. ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சத்து காற்றிலுள்ள கந்தகப் புகையை எளிதில் பிடித்துக்கொள்ளும்; அது அமிலமாகித் தோலை உள்ளிருந்தே அரிக்கும். கேஸ் விளக்கும் நிலக்கரிப் புகையும் சூழ்ந்த லண்டன் நூலகத்தில் வேறென்ன நடக்கும்? செருப்பின் உள்தோலுக்கு அருமையான சரக்கு. மலிவு என்று வாங்கிப் புத்தகத்துக்குப் போட்டது அவர்கள் வசதி. மற்ற பல வேலைகளுக்கு இந்தத் தோல் உகந்தது என்று அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஆனால் கடுக்காயின் துவர்ப்பு வேறு வகை. தோல் பதனிட இவர்கள் மெச்சும் சுமாக் என்ற செடியின் இலையிலுள்ள துவர்ப்பின் இனம் அது. கந்தகப் புகையை ஆவாரம்பட்டையைவிட நன்றாகத் தாங்கும். நம் ஊரில் ஆவாரம்பட்டையில் ஊறிய தோலுக்குக் கடைசியில் கடுக்காய் காட்டுவார்கள் அல்லவா? கடுக்காயிலேயே முழுக்கப் பதனிட்டுத் தர யாராவது இருக்கிறார்களா, உன் மாமனார் வழியில் விசாரி. வெள்ளாட்டுத் தோல், சாயம் ஏற்றாதது, கத்திக் கீறல் இல்லாதது. தடிமன் இருந்தாலும் பரவாயில்லை, நானே சீவிக்கொள்வேன். ஒன்று போதும்; விலையை முதலில் எழுது, பேரம் பேசாதே.

அன்புடன்,
உன் மச்சான்