ஓய்வெடுக்கும் கால்

அன்புள்ள நண்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று தெரிந்ததும்தான் நிம்மதி. ‘இன்னும் அந்தக் குதிரையோடுதான் மல்லுக்கட்டுகிறாயா?’ என்று கேட்டிருந்தாய். ஆமாம், ஆனால் களிமண்ணில் செய்துகொண்டிருந்த அந்தக் குதிரைச் சிலை போய்விட்டது. உள்ளே வைத்த கம்பி மெல்லியது. ஈரக் களிமண்ணின் பாரம் தாங்காமல் ஒரே ராத்திரியில் வயிறு தொங்கி, முன்னங்கால்கள் மடிந்து, காலையில் பார்த்தால் மேலே இருந்த சவாரிக்காரன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கிறான். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

விழுந்ததும் நல்லதுதான். படங்களைப் பார்த்துச் செய்த குதிரை அது. அளவெல்லாம் சரி, உயிர்தான் இல்லை. களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, குதிரைகள் மேயும் ஒரு புல்வெளிக்குப் பதினைந்து நாள் விடியற்காலையில் போய் நின்றேன். அங்கே ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரை உண்டு. நின்றபடியே தூங்கும். அப்போது ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனி மட்டும் மண்ணில் படும்படி வைத்துக்கொள்ளும். இன்னொரு பின்னங்கால் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். தளர்ந்த பக்கம் இடுப்பு இறங்கிவிடும். காற்று திசை மாறினால் ஒரு காது மட்டும் திரும்பும், உடம்பு அசையாது.

அதன் தோளில் கைவைத்துத் தடவிப் பார்த்தேன். குதிரைக்குக் காறை எலும்பே, அதாவது நமக்குக் கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பே கிடையாது, தெரியுமா? முன்னங்கால்களை உடம்போடு பிடித்து வைத்திருப்பது வெறும் தசைதான். நெஞ்சுக்கூடு இரண்டுக்கும் நடுவே தூளி மாதிரி தொங்குகிறது. முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டு இருப்பது குதிகால். அவ்வளவு பெரிய உடம்பு நான்கே நான்கு விரல்நுனியில் நிற்கிறது! என் பழைய குதிரை நான்கு கால் மேசைதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

உன் கண்ணைப் பற்றிப் படித்ததும் பிரெஞ்சுக்காரர் எட்கர் தெகா ஞாபகம் வந்தார். ஓவியர்தான், ஆனாலும் பார்வை மங்க மங்க மெழுகைப் பிசைந்து குதிரைகள் செய்துகொண்டிருந்தார். 1917இல் அவர் இறந்தபின் பட்டறையில் ஏறக்குறைய நூற்றைம்பது உருவங்கள் கிடைத்தன, பல உடைந்த நிலையில். சிலவற்றுக்குள் பாட்டில் தக்கையை வைத்து அடைத்திருந்தாராம். என் கம்பியை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம்.

சரி, சவாரிக்காரனுக்கு வருகிறேன். பத்தாம் நாளோ என்னவோ, குதிரைக்குச் சொந்தக்காரர், “சும்மா பார்த்தால் போதுமா, ஏறுங்கள்” என்றார். சேணம்கூடப் போடவில்லை. முதுகின் சூடு தொடையில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் கிழவிக்குத் தூக்கம் வந்து இடது பின்னங்காலைத் தளர்த்தியது. என் இடது இடுப்பும் கூடவே இறங்கியது. விழாமலிருக்க முதுகு தானாக வளைந்து, இடது தோள் மேலே வந்தது. நான் எதுவும் செய்யவில்லை. அதன் கால் என் தோளைத் தூக்கியது, அவ்வளவுதான்.

இத்தனை நாளும் குதிரையைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் செய்து ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறேன். இத்தாலியச் சிற்பி மரீனோ மரீனி பல வருஷம் குதிரையையும் ஆளையும் திரும்பத் திரும்பச் செய்தார். ஆரம்பத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவன், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சிலைகளில் குதிரையோடு சேர்ந்தே சரிகிறான். அந்தச் சரிவை நான் வெறும் சோகம் என்றுதான் நினைத்திருந்தேன். குதிரை சாய்ந்தால் அவன் எப்படி நேராக இருப்பான்?

இப்போது கனமான கம்பி, வயிற்றுக்கு அடியில் ஒரு இரும்புத் தாங்கி. இரண்டு பேரையும் ஒரே மண்கட்டியிலிருந்து பிடிக்கிறேன். கடிவாளம் வைக்கவில்லை. அவன் கை பிடரிமயிரில் சும்மா கிடக்கிறது. முகம் இன்னும் வரவில்லை, அவசரமும் இல்லை.

மருத்துவர் பயணம் போகலாம் என்றதும் கிளம்பி வா. குதிரையைத் துணிபோட்டு மூடி வைத்திருப்பேன், ஆளின் இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும். எந்தக் கால் ஓய்வெடுக்கிறது என்று நீ சொல்ல வேண்டும்.

உன்,
பழைய கூட்டாளி