கடைசிப் படியிலிருந்து கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தை வளர்ப்புப் பக்கங்களில் ஓர் அட்டவணை அடிக்கடி வருகிறது. 3 வயதில் தானே உடுத்த வேண்டும், 4 வயதில் பொத்தான் போட வேண்டும், 5 வயதில் ஷூ லேஸ் கட்ட வேண்டும் என்று. அதைப் படித்த பெற்றோர் குழந்தையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். குழந்தை திணறுவதற்கு வயதோ சோம்பலோ காரணமாக இருப்பது குறைவு. வேலையை முழுசாகத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுகிறோம்; இல்லாவிட்டால் பெரியவர் கைக்குச் செய்த பொருளைக் கொடுக்கிறோம். அட்டவணைகள் இந்த இரண்டையும் பேசுவதில்லை.

சிறு பிள்ளைகளுக்குக் கைவேலை பழக்குகிறவர்கள் வேலையைத் துண்டுபோட்டு, கடைசித் துண்டை முதலில் கற்றுக்கொடுப்பார்கள். எலாஸ்டிக் வைத்த கால்சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வரை நீங்களே ஏற்றிவிட்டு, அதற்கு மேல் இழுப்பதைக் குழந்தையிடம் விடுங்கள். சில நாளில் அது பழகியதும் கணுக்காலிலிருந்து இழுக்கட்டும். பிறகு கால் நுழைப்பது. கடைசியாக, முன்பக்கம் எது என்று பார்த்துத் தரையில் விரிப்பது. முதல் துண்டிலிருந்து தொடங்கினால் பாதியில் மாட்டிக்கொண்டு அழுகை வரும், மீதியை நாம் முடித்துவிடுவோம். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது குழந்தையின் கை.

கால்சட்டையில் இரண்டு இடத்தில் தடுக்கும். இரண்டு காலும் ஒரே குழாய்க்குள் போகும். நின்றுகொண்டு போடுவதால்தான் அது. பாதம் இரண்டும் தரையில் படிகிற உயரத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது, முன்பக்கத்தை மட்டும் இழுப்பார்கள், துணி பின்னால் மாட்டி நிற்கும். ஒரு கையைப் பின்பக்க எலாஸ்டிக்குக்குள் வைத்துக் காட்ட வேண்டும். 'நல்லா இழு' என்று சொல்வதால் பயனில்லை.

பொத்தானுக்கு, காஜா தளர்வாகவும் பொத்தான் 2 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் உள்ள ஒரு பழைய சட்டை போதும். அதைத் தலையணைக்கு மாட்டி மடிமேல் வைத்துப் பழக்கலாம். மாண்டிசோரி வகுப்புகளில் பொத்தானோ கொக்கியோ ஏதாவது ஒரே வகை மட்டும் உள்ள துணியை மரச்சட்டத்தில் மாட்டித் தருவதும் இதே காரணத்துக்குத்தான்: ஒரு நேரத்தில் ஒரு சிக்கல். முதலில் கழற்ற, பிறகு போட. பொத்தானைக் காஜாவுக்குள் பாதி தள்ளி நீங்கள் நிறுத்துங்கள். குழந்தை மறுபக்கம் பிடித்து இழுக்கட்டும். தள்ளிய கையைப் பொத்தான் பாதி வந்தவுடனே விட்டுவிடுவதுதான் எல்லாக் குழந்தைகளும் செய்கிற தவறு. இந்தக் கை பிடித்த பிறகே அந்தக் கை விட வேண்டும். உடம்பில் போடும்போது கீழ்ப் பொத்தானிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள். கழுத்துப் பொத்தான் அவர்கள் கண்ணுக்கே தெரியாது. கீழிருந்து போனால் ஒரு காஜா தப்பிச் சட்டை கோணலாவதும் குறையும்.

லேஸுக்கு அவசரமே வேண்டாம். 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில் எப்போது வந்தாலும் சரி. அதுவரை ஒட்டுப்பட்டி (வெல்க்ரோ) ஷூ போடுவதில் எந்தக் குறையும் இல்லை. பழக்கும்போது ஷூவின் நுனி குழந்தைக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், காலில் போட்டால் தெரிகிற மாதிரி. நீங்கள் எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் வலக்கையும் குழந்தை இடக்கையுமாக இருந்தால் மட்டும் எதிரில் உட்காரலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் பொருந்தும். இரண்டு நிறத்தில் தட்டையான பருத்தி லேஸ் கோத்தால் எது எதன்மேல் போகிறது என்று தெரியும். உருண்டையான நைலான் வழுக்கும். கட்டியது உடனே அவிழ்ந்தால் முடிச்சைப் பாருங்கள். சுருக்கு இரண்டும் ஷூவின் குறுக்கே கிடக்காமல் நீளவாக்கில் திரும்பியிருந்தால், முதல் முடிச்சும் இரண்டாவதும் ஒரே திசையில் சுற்றியிருக்கின்றன. முதல் முடிச்சின் திசையை மட்டும் மாற்றினால் நிற்கும். பெரியவர்களிலும் பலர் இதே தவறோடுதான் காலம் முழுவதும் குனிந்து குனிந்து கட்டுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றுவதில் தவறு பாத்திரத்தில் இருக்கிறது. 1 லிட்டர் தண்ணீரே 1 கிலோ. அதைச் சின்ன மணிக்கட்டு சாய்க்கும், நிறுத்த முடியாது. மூக்குள்ள சிறிய ஜக்கில் 150 மில்லி போதும். டம்ளர் அடி கனமானதாக இருக்கட்டும். லேசான பிளாஸ்டிக் டம்ளர், ஜக் பட்டதும் கவிழும். டம்ளரின் முக்கால் உயரத்தில் வண்ண டேப் ஒன்று ஒட்டுங்கள். குழந்தையின் கண் ஜக்கில்தான் இருக்கும், டம்ளர் நிறைவதைப் பார்க்காது. 'கோட்டைப் பார்' என்ற ஒரு சொல் நிறையச் சிந்தலைத் தடுக்கும். கீழே ஒரு தட்டு, பக்கத்தில் கைக்கு அடங்கும் துணி. சிந்தியதைத் துடைப்பதும் இந்த வேலையில் ஒரு துண்டு; தண்டனை மாதிரி அதைச் சொல்லாதீர்கள்.

பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரம் இவற்றுக்கு ஆகாது. மாலையில் 10 நிமிடம் போதும். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும் வரை பேசாமல் இருங்கள். குழந்தை மடித்த துணியை அதன் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கவும் கூடாது. பல் துலக்குவதைக் குழந்தை தொடங்கலாம், முடிப்பது பெரியவர்தான். 7 வயது வரையாவது அப்படி. ஃப்ளூரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசிமணி அளவு, அதன்பின் 6 வயது வரை பட்டாணி அளவு. அடுப்பு, வெந்நீர், மருந்து ஆகியவை 'தானே செய்யட்டும்' என்ற பேச்சுக்குள் வரவே கூடாது.

உங்கள் நாளிதழுக்கு ஒரு கோரிக்கை. வயதுவாரி அட்டவணைக்குப் பதில் வாரம் ஒரு வேலையை எடுத்து, படிகளையும் தடுக்கும் இடங்களையும் அச்சிடுங்கள். மூக்குச் சிந்துவதில் தொடங்கலாம். அதைச் சொல்லித்தர வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. 'சிந்து' என்றால் குழந்தை உள்ளே உறிஞ்சும். மேசைமேல் சிறு காகிதத் துணுக்கை வைத்து, வாயை மூடி, மூக்காலேயே ஊதித் தள்ளச் சொன்னால் காற்று வெளியே போவது பிடிபடும். பிறகு ஒரு நாசியை அழுத்தி மறு நாசியால், மெதுவாக.

இப்படிக்கு,
மழலையர் ஆசிரியைகள் சிலர்