ஆறு மாதக் கணக்கு எல்லா நாய்க்கும் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் செல்லப்பிராணிகள் பகுதியில் வந்த கருத்தடைக் கட்டுரையைப் படித்தேன். வளர்ப்பு நாய்களுக்குக் கருத்தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ‘எந்த இனமாக இருந்தாலும் ஆறு மாதம் நிறைந்ததும் அறுவை சிகிச்சையை முடித்துவிடுங்கள்’ என்ற வரியைத்தான் ஏற்க முடியவில்லை. கைக்குள் அடங்கும் பொமரேனியனுக்கும் நாற்பது கிலோவைத் தாண்டும் ராட்வீலருக்கும் ஒரே நாள் குறித்துக் கொடுப்பது என்ன நியாயம்?

நான் மனிதர்களுக்கு இயன்முறை சிகிச்சை அளிப்பவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து வருகிறவர்களோடுதான் என் பொழுது கழிகிறது. ஆகவே நாயைப் பார்த்தாலும் கண் முதலில் மூட்டுக்குத்தான் போகும். நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அந்தத் தட்டு உரிய காலத்தில் மூடிக்கொள்ள உதவுபவை பாலின ஹார்மோன்கள். விதைகளையோ சினைப்பையையோ முன்கூட்டியே எடுத்துவிட்டால் தட்டு மூடத் தாமதமாகிறது, எலும்பு சற்றுக் கூடுதலாக நீள்கிறது. சிறு நாய் ஒன்பது மாதத்துக்குள் பெரும்பாலும் வளர்ந்து முடித்துவிடும். பெரிய நாய்க்கு ஒரு வயதும் போதாது, ஒன்றரை வயதுவரை ஆகலாம். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கால்மேல் அவ்வளவு எடை ஏறும்போது, இடுப்பு மூட்டும் முழங்கால் ஜவ்வும்தான் அடி வாங்குகின்றன.

இது என் ஊகமன்று. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் தங்கள் கால்நடை மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி 2016இல் ஜெர்மன் ஷெப்பர்டு பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருத்தடை செய்யாத பெட்டைகளில் மூட்டுக் கோளாறு கண்டவை 5 சதவீதம். ஒரு வயதுக்குள் செய்யப்பட்டவற்றில் 16 சதவீதம். ஆண்களில் அது 7, 21. அதே குழு 2020இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது இனத்துக்கு இனம் கதை மாறியது. உருவத்தில் மலைபோல் நிற்கும் கிரேட் டேனில் மூட்டுக் கோளாறு குறிப்பிடும்படி கூடவில்லை. கோல்டன் ரெட்ரீவர் பெட்டையிலோ, எந்த வயதில் கருத்தடை செய்தாலும் சிலவகைப் புற்றுநோய்கள் கூடுதலாகக் காணப்பட்டன. ஒரே மருத்துவமனையின் பதிவுகள் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ‘எந்த இனமாக இருந்தாலும்’ என்று எழுதுமுன் ஒரு கணம் யோசிக்க வைக்க இது போதும். அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல்கூட, வளர்ந்தபின் சுமார் 20 கிலோவைத் தாண்டும் நாய்களைத் தனியாகப் பிரித்து, ஆணுக்கு வளர்ச்சி நின்றபின், அதாவது 9 முதல் 15 மாதம் என்றும், பெட்டைக்கு 5 முதல் 15 மாதத்துக்குள் மருத்துவர் பார்த்து முடிவு செய்யலாம் என்றும்தான் சொல்கிறது.

கட்டுரையாளர் பெட்டைகளின் மார்பகக் கட்டிக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்: முதல் பருவத்துக்கு, அதாவது பெட்டை முதன்முறை இணைசேரத் தயாராகும் காலத்துக்கு, முன் செய்தால் 0.5 சதவீதம், ஒரு பருவம் கடந்தால் 8, இரண்டு கடந்தால் 26. இது 1969இல் வந்த ஆய்வின் கணக்கு. இரண்டு பருவம் கடந்த நூறு நாய்களில் இருபத்தாறுக்குக் கட்டி வரும் என்று இதற்குப் பொருளல்ல. கருத்தடையே செய்யாத பெட்டைக்கு உள்ள அபாயத்தை நூறாக வைத்துக்கொண்டு, அதில் எத்தனை பங்கு என்று சொல்லும் எண்கள் இவை. அந்த ஆய்வு உட்பட இத்துறையில் வந்தவற்றை 2012இல் பிரிட்டனில் மறுபடி சலித்துப் பார்த்தவர்கள், சான்று பலவீனமானது என்றே எழுதினார்கள். சீக்கிரம் செய்வதால் மார்பகத்துக்குப் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணை எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அதில் பெரியது கருப்பையில் சீழ் பிடிப்பது. கருத்தடை செய்யாத பெட்டைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வந்துவிடுகிறது என்று ஸ்வீடன் நாட்டு நாய்க் காப்பீட்டுப் பதிவுகள் காட்டுகின்றன. உரிய நேரத்தில் பார்க்காவிட்டால் உயிர் போகும். என் வீட்டு பைரவி ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டை, 28 கிலோ, முதல் பருவம் முடிந்திருக்கிறது. பருவம் முடிந்த சில வாரங்களில்தான் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த நாட்களில் அவளுடைய தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றித்தான் வைத்தேன். ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். அவள் கணக்குக்கு அது மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சோர்வு, வாந்தி, பின்புறத்தை ஓயாமல் நக்குவது இவற்றையும் பார்க்க வேண்டும். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தேங்கும், அதுதான் மோசம்.

அவளுக்கு இரண்டு வயதை ஒட்டிச் செய்வதென்று எங்கள் மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். பேச்சில் எலும்பைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டு வெளிக்கதவு. எனக்கு இரண்டு மகன்கள். கதவைத் திறக்கத் தெரியும், சாத்தத் தெரியாது. பருவம் மூன்று வாரம் நீடிக்கும். இரத்தம் வெளுத்து நின்றதும் ‘முடிந்தது’ என்று பலர் அவிழ்த்து விடுகிறார்கள். பெட்டை ஆண் நாயை ஏற்கும் நாட்களே அவைதான். அதனால் முதல் பருவத்தின்போதே கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது, சாவி என் இடுப்பில் ஏறிவிட்டது. இப்படிக் காவல் இருக்க முடியாத வீட்டில் பெரிய நாயாக இருந்தாலும் சீக்கிரம் செய்வதே சரி. காப்பகத்திலிருந்து தத்துக் கொடுக்கும் குட்டிகளுக்கும் அப்படித்தான். யார் வீட்டுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஆண் நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘முரட்டுத்தனம் அடங்கிவிடும்’ என்று கட்டுரை உறுதி கூறுகிறது. ஊர் சுற்றுவதும் கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதும் பெரும்பாலும் குறையும். பயத்தில் கடிக்கும் நாயின் பயத்தைக் கத்தி எடுக்காது. கருத்தடைக்குப் பின் தீனியைக் குறைக்க வேண்டும் என்பதும், பெரிய பெட்டைகளில் சிலவற்றுக்குப் பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசியலாம் என்பதும் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அதே பகுதியில் வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதிலளிப்பார் என்று அறிவித்திருக்கிறீர்கள். கேள்வி அனுப்புகிறவர்களிடம் நாயின் இனம், பெற்றோரின் எடை, ஆணா பெட்டையா, வீட்டில் காவல் எப்படி என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். இவை தெரியாமல் மாதக் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி