எங்கள் மர அறுவை இயந்திரத்தை மீண்டும் நகரவைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் நடமாடும் மர அறுவை இயந்திரம் மறுபடியும் தடங்கலில்லாமல் நகர்கிறது. பிளேடு பூட்டிய வாள் தலையைத் தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் இழுத்துச் செல்லும் அமைப்பில் என்ன கோளாறு என்று புரியாமல் நாங்கள் தவித்தபோது, தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவர்களுக்காக இந்த மடலை எழுதுகிறேன். நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நீங்கள் செய்தது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை நாலு பேர் அறியச் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

சிறிய தடிகளில் இயந்திரம் ஒழுங்காகத்தான் ஓடியது. அகலமான தடியில் வாள் நுழைந்ததும் தலை தயங்கும், நிற்கும், பிறகு சட்டென்று முன்னே பாயும். பாய்ந்த இடத்தில் பிளேடு விலகிப் பலகையில் அலை விழும். நின்ற இடத்தில் பற்கள் வெட்டாமல் உரசிச் சூடேறும். புதிதாகச் சாணை பிடித்த பிளேடாக இருந்தாலும், நகர்வு சீராக இல்லையென்றால் நேரான பலகை கிடைக்காது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் தலையை நகர்த்தும் மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிப் பொருத்துவதுதான் வழி என்றார்கள்.

மின்வேலை செய்யும் அண்ணா, நீங்கள் மட்டும்தான் “அளந்து பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம்” என்றீர்கள். தலையை இழுக்கும் செயினைக் கழற்றிவிட்டு, பியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்தபோது அது விர்ரென்று சுற்றியது. எங்களுக்கு நிம்மதி. உங்களுக்கு அது போதவில்லை. சுமையில்லாதபோது நலிந்த மோட்டாரும் சுற்றும், தடிக்குள் வாள் இருக்கும்போதுதான் உண்மை தெரியும் என்று சொல்லி, மல்டிமீட்டரின் வயர்களை நீளமாக இணைத்து, பிளேடு அறுந்தால் பாயக்கூடிய திசையை விட்டு விலகி நின்று அளந்தீர்கள். வேகத் திருகை முழுவதும் திறந்துவைக்கச் சொன்னதற்கும் காரணம் சொன்னீர்கள். குறைத்து வைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே மின்சாரத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்பும், அப்போது மீட்டர் காட்டும் குறைவுக்கு அதுவும் ஒரு காரணமாகிவிடும்.

பேட்டரியில் 13 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. மோட்டார் முனையில் 10 வோல்ட்கூட இல்லை. இடையில் எங்கே போனது என்று ஒவ்வொரு இணைப்பாக அளந்துகொண்டே வந்து, முன்னும் பின்னும் திசை மாற்றும் ஸ்விட்சில் நின்றீர்கள். அதன் உள்வரும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் நடுவில் மட்டும் ஏறக்குறைய 2 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. ஸ்விட்சின் மின்தடையை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருந்தோமே, சுழிக்குப் பக்கத்தில்தானே காட்டியது என்று கேட்டேன். தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்: 0.1 ஓம் தடையில் 20 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் போகும், 40 வாட் வெப்பமாக மாறும். சாதாரண மீட்டரில் 0.1 ஓம் கண்ணுக்கே தட்டுப்படாது. அந்தக் கணக்கை எழுதிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஸ்விட்சைப் பிரித்த தம்பிக்கும் நன்றி. உள்ளே தொடுமுனைகள் கறுத்துக் குழி விழுந்திருந்தன. மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எதிர்த்திசைக்குத் தள்ளினால் ஒவ்வொரு முறையும் பொறி பறந்து முனை தீயும், நடுவில் நிறுத்தி மோட்டார் ஓய்ந்த பிறகே திருப்ப வேண்டும் என்று இங்கு வேலை செய்யும் எல்லோரையும் நிற்கவைத்துச் செய்து காட்டினாய்.

இன்னொரு கோளாறு மோட்டாருக்குள் இருந்தது. மோட்டார் கட்டும் ஐயா, உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் ஒன்று அதன் கூட்டுக்குள் மரத்தூளும் பிசினும் இறுகி அசையாமல் இருந்தது. தேய்ந்த பிரஷைக் கீழே தள்ள ஸ்பிரிங்கால் முடியவில்லை. இடுக்கியால் அதை மெல்ல அசைத்து அசைத்து எடுத்து, கூட்டைச் சுத்தம் செய்தீர்கள். பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரில் விழுந்திருந்த பள்ளத்தை லேத்தில் மயிரிழை அளவே சீவி, செம்புத் துண்டுகளுக்கு இடையில் உள்ள, மின்சாரம் கடத்தாத மைக்காவை ஒவ்வொன்றாகச் சுரண்டித் தாழ்த்தினீர்கள். மைக்கா செம்பைவிட உயர்ந்து நின்றால் பிரஷ் துள்ளிப் பொறி பறக்கும் என்றீர்கள். எமரித் தாளை எடுத்து நீட்டியவரைத் தடுத்து, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும் என்று சொல்லி மென்மையான உப்புத்தாளைக் கேட்டு வாங்கினீர்கள். அதையே சொரசொரப்பு வெளியே தெரியும்படி கம்யூட்டேட்டரில் சுற்றி, புதிய பிரஷின் முகம் வளைவோடு பொருந்தும்வரை பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருந்தீர்கள். அவசரப்படுத்த எங்களுக்கு வாய் வரவில்லை.

கட்டுப்பாட்டுப் பெட்டி மேல் சந்தேகம் வந்தபோது, தன் இயந்திரத்தில் இருந்ததையே கழற்றிக் கொடுத்து மாற்றிப் பார்க்கச் சொன்ன அக்கா, அதனால் உங்கள் அறுவை நின்றது எங்களுக்குத் தெரியும். எங்கள் பெட்டி நல்லது என்று உறுதியானது உங்களால்தான். வீண் செலவு மிச்சம். தடி புரட்டிய, செயின் இறுக்கிப் பிடித்த, விளக்கு காட்டிய எல்லோருக்கும் என் வணக்கம்.

இப்போது ஸ்விட்சில் தொலையும் மின்னழுத்தம் பொருட்படுத்தும் அளவில் இல்லை. எங்களிடம் உள்ளதிலேயே அகலமான தடியில் தலை ஒரே வேகத்தில் முழு நீளமும் போய்வந்தது, பலகையில் அலை இல்லை. மாற்று பிரஷ் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறோம். மரத்தூள் புகாதபடி மோட்டாருக்கு மூடியும் தயாராகிறது, ஆனால் காற்று போக வழி விட வேண்டும் என்று ஐயா சொல்லியிருப்பதால் அவர் பார்த்த பிறகே பொருத்துவோம். அக்கா, நின்றுபோன உங்கள் தடிகளை எப்போது கொண்டுவந்தாலும் முதலில் அவற்றைத்தான் ஏற்றுவோம்.

மிகுந்த நன்றியுடன்,
அறுவைக் களத்தில் இருக்கும் அனைவரின் சார்பாக