பேரனுக்குத் தண்ணீர் ஊற்றுவது குறித்து

கும்பகோணம்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். கயல், யாழினி, சின்னவன், உன் அத்தை அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவனுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார் அத்தை, வேண்டாம் என்கிறார் மருத்துவர், யார் சொல்வது சரி என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் வீட்டில் நான் சொல்லும் ஒரு வார்த்தை சம்பந்தி அம்மாவின் காதில் வேறு விதமாக விழுந்துவிடக் கூடும் என்பதால் எழுதுகிறேன். கயலும் இதைப் படிக்கட்டும்; அத்தையிடம் எதை, எந்தப் பக்குவத்தில் சொல்வது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதக் குழந்தையைக் கனடாவில் நீங்கள் இருக்கும் கால்கரியின் குளிர்காலத்தில் தினமும் குளிப்பாட்ட வேண்டிய அவசியம் இல்லை; வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். உங்கள் மருத்துவர் சொன்னது சரி. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியும் முதல் ஓராண்டுக்கு வாரம் 3 முறை போதுமானது என்றுதான் சொல்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் தினக்குளியல் தேவையில்லை என்றே பெற்றோருக்குச் சொல்கிறது. அதற்காக உன் அத்தைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணிவிடாதே. திருநெல்வேலியில் அவர் கயலுக்குத் தினமும் ஊற்றியதற்குக் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் விமானம் ஏறி அங்கே வரவில்லை, அவ்வளவுதான்.

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த காலமெல்லாம் நான் பிள்ளை பெற்ற வீடுகளுக்குள் போய் வந்தவள் என்பதால் அந்தக் காரணங்களை நன்றாக அறிவேன். டயப்பர் இல்லாத காலத்தில் பிள்ளை துணியிலும் தூளியிலும்தான் கிடந்தது. இரவில் நாலைந்து முறை நனைத்துக்கொண்டால் விடியும்போது முதுகிலிருந்து பிடரி வரை மூத்திர ஈரமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் கழுத்தைச் சுற்றியும் முதுகிலும் வேர்க்குரு கொத்துக்கொத்தாகப் புறப்படும். வாசல் புழுதியும் அடுப்புப் புகையும் வேறு. இவற்றோடு உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்ப்பார்கள். எண்ணெயைப் போக்கப் பயத்தமாவு வேண்டும், மாவைப் போக்கக் கை பொறுக்கும் சூட்டில் அண்டா நிறையத் தண்ணீர் வேண்டும். அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்குத் தினக்குளியல் நியாயமானது. வெயில் உச்சத்தில் மாலையில் இன்னொரு முறை உடம்புக்கு ஊற்றினாலும் தவறில்லை.

உன் மகனோ டயப்பர் கட்டிக்கொண்டு, வியர்க்காத ஓர் அறையில், புழுதி படாத மெத்தையில் கிடக்கிறான். அவன் உடம்பில் போக்குவதற்கு என்ன அழுக்கு இருக்கிறது? வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது அந்தக் காற்றில் ஈரம் மிகவும் குறைவு; அதையே உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது அது மேலும் வறண்டு, தோலில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. போதாததற்குக் கால்கரியின் குழாய்நீர் கடினநீர். நான் அங்கே வந்திருந்தபோது உன் கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்திருந்ததை வினிகர் விட்டுத் தேய்த்தேனே, அந்தத் தண்ணீர்தான். கடினநீரில் சோப்பு முழுவதும் அலசிப் போகாமல் தோலிலேயே கொஞ்சம் தங்கிவிடும். குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. ஈரத்தையும் நம்மைவிட விரைவில் இழந்துவிடும். அது தனக்கென்று ஓர் எண்ணெய்ப் பசையையும் லேசான அமிலத்தன்மையையும் உண்டாக்கிக்கொண்டு வரும் வேளையில், காரத்தன்மை மிகுந்த சோப்பையும் சொரசொரப்பான மாவையும் போட்டுத் தினமும் தேய்த்துக் கழுவினால் கன்னமும் முழங்காலும் வெடிக்காமல் என்ன செய்யும்?

பிறந்த அன்று மருத்துவமனையில் குளிப்பாட்டாமலே துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சம்பந்தி அம்மா என்னிடம் மிகவும் வருத்தப்பட்டார். அதுவும் சரியான முறைதான் என்று அவருக்கு எடுத்துச் சொல். பிறந்த குழந்தையின் மேல் வெண்ணெய் தடவினாற்போல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு அன்று. தோல் வறளாமல் காத்து, கிருமிகளையும் ஓரளவு தடுப்பது அது. ஈர உடம்பில் பச்சிளங்குழந்தையின் சூடு மளமளவென்று இறங்கிவிடும் என்பதால், முதல் குளியலை 24 மணி நேரத்திற்குப் பிறகுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இன்னும் தள்ளிப்போடுவோம். இதை நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளையைக் கவிச்சியோடு மடியில் வைத்துக்கொள்வதா என்று சண்டைக்கே வருவார்கள்.

இனி, குளியலைக் குறைப்பது வேறு, சுத்தத்தைக் குறைப்பது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிப்பாட்டாத நாளிலும் தவறாமல் துடைக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பால் குடிக்கும் குழந்தையின் தாடையைச் சற்றே உயர்த்திக் கழுத்து மடிப்பை விரலால் விரித்துப் பார். கடைவாயில் வழிந்த பால் உள்ளே போய்த் திரிந்து, புளித்த வாடையோடு வெள்ளைக் கோடாக ஒட்டியிருக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டே நாளில் அந்த இடம் சிவந்து கசியத் தொடங்கிவிடும். காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களும் அப்படித்தான். மூடிய கையை மெல்லத் திறந்தால் விரலிடுக்கில் போர்வையின் நூலும் பஞ்சும் சிக்கியிருக்கும். அந்தக் கையைத்தான் அவன் வாயில் வைத்துக்கொள்கிறான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் முதலில் கண்கள், முகம், பிறகு மடிப்புகள், கடைசியாகக் கீழ்ப்பகுதி என்று துடைத்து, உடனே ஈரம் ஒற்றிவிட வேண்டும். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு துணி முனை. டயப்பர் மாற்றும்போதெல்லாம் கீழே சுத்தம் செய்வது எப்படியும் நடக்கிறது. இவ்வளவும் செய்துவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றவில்லையே என்ற குறை யாருக்கும் வேண்டாம்.

ஊற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை: தண்ணீர் 37 அல்லது 38 டிகிரிக்குள் இருக்கட்டும், தெர்மாமீட்டர் இல்லையென்றால் முழங்கையை விட்டுப் பார், சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கணுக்கால்மேல் படுக்க வைத்து ஊற்றுவது நம் வீட்டுப் புழக்கடைக்குப் பொருந்தும். அங்கேயோ, ஊற்றிய தண்ணீர் வழிந்தோடியதும் ஈர உடம்பில் காற்றுப் பட்டுக் குழந்தை நடுங்கும். அதைவிடச் சிறு தொட்டியில் தோள் வரை வெந்நீருக்குள் இருக்கும்படி பிடித்துக்கொண்டால் சூடும் குறையாது, குழந்தையும் அழாது. 5 நிமிடம் போதும். 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மணமில்லாத மென்மையான திரவச் சோப்பை மடிப்புகளுக்கும் கீழ்ப்பகுதிக்கும் மட்டும் போட்டால் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரப்பசை இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், வாசலினோ மணமில்லாத க்ரீமோ தடவிவிடு. பவுடர் வேண்டாம்; அது காற்றில் பறந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும்.

இன்னொன்றைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். துண்டு எடுக்கவோ, வாசலில் யார் என்று பார்க்கவோ, தொலைபேசியை எடுக்கவோ குழந்தையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பாதே. ஓரிரு அங்குலத் தண்ணீர் போதும், சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். குளியல் இருக்கை என்று கடையில் விற்பதை நம்பியும் விட்டுவிடாதே. அந்த வீட்டின் வெந்நீர்க் குழாயில் 49 டிகிரிக்கு மேல் சூடு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கனடாவில் சொல்கிறார்கள். நீ எப்போதாவது அளந்து பார்த்தாயா? 60 டிகிரித் தண்ணீர் பட்டால் சிறு பிள்ளையின் தோல் சில விநாடிகளிலேயே வெந்துவிடும்.

அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்த வேண்டியவற்றில் முதலாவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். அப்படி நெஞ்சு கர்கர்ரென்று இழுக்க மருத்துவமனைக்கு ஓடிய குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, மார்புக் காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது ஆகியவையும் கூடவே கூடாது. பிதுக்கிய மார்பு சீழ்கட்டிக்கொள்ளும். சாம்பிராணிப் புகை சின்ன நெஞ்சுக்கு ஆகாது. அதை உங்கள் வீட்டுப் புகை அலாரமே அத்தைக்குச் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நிறுத்தக் கூடாதவையும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் காலையும் கையையும் நீவிவிடுவதைக் குளிப்பாட்டாத நாளிலும் அவர் செய்யட்டும். தேங்காயெண்ணெய் நல்லது, ஆலிவ் எண்ணெயும் கடுகெண்ணெயும் வேண்டாம். மெல்லியதாகத் தடவினால் அதைப் போக்க மாவு தேவைப்படாது, அப்படியே விட்டுவிடலாம். பேரனை மடியில் போட்டு நீவிக்கொண்டே அவர் ராகம் போட்டுப் பேசுவதை வீடியோவில் பார்த்தேன். அவன் கண்கொட்டாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசிச் சொம்புத் தண்ணீரைத் தலையைச் சுற்றி ஊற்றித் திருஷ்டி கழிக்கிறார் என்று நீ கேலி செய்தாய். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? சுற்றட்டும். தினமும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்து என்று மட்டும் சொன்னால், கடல் கடந்து வந்து தனக்கு இங்கே வேலையே இல்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிடுங்கள், ஞாயிறும் புதனும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொன்னால் மனம் கோணாது.

அவன் கன்னத்துச் சிவப்பு க்ரீம் தடவியும் குறையாமல், சொறிந்து சொறிந்து நீர் கசிந்தாலோ, முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்னாலும் பரவினாலோ, அது வெறும் வறட்சியாக இல்லாமல் எக்ஸிமா என்னும் தோல் அழற்சியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டு. அப்போது தினமும் சில நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து உடனே கெட்டியாகக் களிம்பு பூசச் சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால், அம்மா வாரம் மூன்று முறைதான் என்று எழுதினாள் என்று வாதாடிக்கொண்டிராமல் அவர் சொல்கிறபடி செய்.

யாழினிக்கு நாலு வயதாகிவிட்டது. அவள் கணக்கு வேறு. குளிர்காலத்தில் வாரம் இரண்டு மூன்று முறை அவளுக்கும் போதும். ஆனால் பனியில் புரண்டு அந்தக் கனத்த உடுப்புக்குள் வியர்த்து வந்தாலும், நீச்சல் குளத்தில் இறங்கினாலும், கோடையில் மணலில் விளையாடினாலும் அன்றைக்குக் கட்டாயம் குளிக்க வேண்டும். நம் பிள்ளைகளின் அடர்ந்த முடிக்கு வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை ஷாம்பு போட்டால் போதும். நுரை பொங்கும் தொட்டியில் அரைமணி நேரம் கிடக்கிறாள் என்று கயல் சொன்னாள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அவள் அழுவதற்கு அந்த நுரையும் ஒரு காரணமாக இருக்கலாம், முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய பிறகும் எரிந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். குளியலை விட்டாலும் கை கழுவுவதை ஒரு வேளையும் விடக் கூடாது. பள்ளியிலிருந்து வந்ததும், சாப்பிடுமுன், கழிப்பறைக்குப் போய் வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல நேரம் கைவழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

வைகாசியில் நீங்கள் எல்லோரும் இங்கே வரும்போது இந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து என்னிடம் நீட்டாதே. இந்த வெக்கையில் அவனுக்குத் தினமும் ஊற்றத்தான் வேண்டும். அதற்கு வெறும் தண்ணீரே போதும். அவனுக்குக் கழுத்துத் தளர்வான பருத்திச் சட்டைகள் நாலைந்து தைக்கக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மார்புச் சுற்றளவை மட்டும் கயலை அளந்து அனுப்பச் சொல். அங்கே மணமில்லாத க்ரீம் எதுவானாலும் ஒரு பெரிய டப்பாவாக வாங்கி வா, இங்கே கிடைப்பதெல்லாம் வாசனையாக இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா