கூட்டு மனமா, கூட்டி வரைந்த கோடா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பலருடைய கவனம் ஒரே நிகழ்வில் குவியும்போது, தற்செயல் எண்களைத் தரும் கருவிகளும் தடம் மாறுகின்றன என்று கூறும் கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். 2001 செப்டம்பர் 11ஆம் நாளின் தரவு என்று அதனுடன் அச்சாகியிருந்த ஏறுமுகக் கோட்டைப் பற்றியே எழுதுகிறேன்.

அக்கட்டுரைக்கு அடிப்படை, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ரோஜர் நெல்சன் 1998இல் தொடங்கிய 'உலகளாவிய உணர்வுத் திட்டம்' (Global Consciousness Project). அதில் ஒவ்வொரு கருவியும் நொடிக்கு 200 முறை பூவா தலையா போட்டுப் பார்ப்பதற்கு ஈடான வேலையைச் செய்கிறது. சராசரியாக 100 தலை விழ வேண்டும். ஏழெட்டு கூடுவதும் குறைவதும் இயல்பே. ஆனால் படத்தில் இருப்பது அந்தந்த நொடியின் விலகல் அன்று, விலகல்களைக் கூட்டிக்கொண்டே போன தொகை. அத்தகைய கோடு ஒருமுறை மேலே ஏறிவிட்டால் அதைக் கீழே இழுக்கும் விசை எதுவும் இல்லாததால், வெறும் தற்செயலிலேயே நெடுநேரம் ஒரே பக்கம் நின்று, காரணம் ஏதோ இருப்பதுபோல் காட்டும். பணியிலிருந்த காலத்தில் என் மாணவர்களை 1,000 முறை நாணயம் சுண்டவைத்து, தலைக்கு ஒரு கட்டம் மேலும் பூவுக்கு ஒரு கட்டம் கீழுமாக வரையச் சொல்வேன். முப்பது கட்டம் விலகுவது சர்வசாதாரணம். "குத்தாலம் மலை மாதிரியே இருக்கு சார்" என்றான் ஒரு பையன். அவ்வகுப்பில் யாருடைய கவனமும் குவிந்திருக்கவில்லை, சாப்பாட்டு மணியின்மீது தவிர.

தமிழகத்தில் 2003இல் லாட்டரி தடைசெய்யப்பட்ட பிறகு, எங்கள் ஊரிலிருந்து மலையேறி, லாட்டரிக்குத் தடையில்லாத கேரளத்தின் ஆரியங்காவுக்குப் போய்ச் சீட்டு வாங்குவோர் பலர். பழைய முடிவுகளின் கடைசி நான்கு எண்களை நோட்டில் கட்டம் கட்டி எழுதி, குறுக்கே கோடிழுத்து, அடுத்த எண்ணைக் 'கெஸ்ஸிங்' செய்வார்கள். கோடு கிடைக்காத நாளே கிடையாது, பரிசுதான் கிடைப்பதில்லை.

நெல்சன் குழுவினர் பெரும்பாலான நிகழ்வுகளுக்கு, எப்போதிலிருந்து எப்போதுவரை கணக்கிடுவது என்ற நேர வரம்பைத் தரவைப் பார்க்குமுன்பே பதிவுசெய்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. லாட்டரி நோட்டுக்காரர்களிடம் இல்லாத ஒழுங்கு அது. ஆயினும் செப்டம்பர் 11 தரவை மறுபடி ஆராய்ந்த எட்வின் மே, ஜேம்ஸ் ஸ்பாட்டிஸ்வூட் இருவரும், தேர்ந்த நேர வரம்பைச் சில நிமிடங்கள் குறைத்தாலோ அரைமணி நேரம் கூட்டினாலோ முடிவு புள்ளியியல் முக்கியத்துவத்தை இழந்து, தற்செயலாகவே வரக்கூடியதாகிவிடுகிறது என்று காட்டினார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது குறையே.

இனி இத்தகைய படத்தை வெளியிடும்போது, அதே கருவிகள் எந்த விசேஷமும் இல்லாத ஒன்பது நாட்களில் தந்த கோடுகளையும் அதே அளவில், தேதி குறிப்பிடாமல், பக்கத்திலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன். உலகமே அதிர்ந்த நாள் எதுவென்று வாசகர்கள் கண்டுபிடிக்கட்டும். விடையை மறுவாரம் வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
செங்கோட்டை.